ஃபிரெடி கிரீன்: தனித்து வாசிக்காத கிட்டார் கலைஞர்
(வாசகர் கேள்வி–பதில்)

சென்ற இதழில் 1930களில் ஸ்விங் என்ற ஜாஸ் நடன இசையை வாசித்த அமெரிக்க இசைக்குழுக்களைப் பற்றி எழுதியபோது, பியானோக் கலைஞர் கவுண்ட் பேஸியின் இசைக்குழுவில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அமர்ந்திருந்தும் தனி வாசிப்பு என்று சொல்லத்தக்கதாக அநேகமாக எதுவும் வாசிக்காமலேயே புகழ்பெற்ற ஃபிரெடி கிரீனை ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தேன். கட்டுரையின் மற்றப் பகுதிகளை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பற்றியே பலரும் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இம்மாதப் பகுதி முழுவதும் அவருக்கும் அவரைச் சுற்றி எழுந்த கேள்விகளுக்கும் உரியது.

கேள்வி: ஐம்பது ஆண்டுகள் மேடையில் இருந்தும் தனியாக வாசிக்காத ஒருவரைப் பெரிய கலைஞர் என்று சொல்வது மிகையாகாதா? அவர் யார், எங்கிருந்து வந்தார் என்பதையும் சற்று விரிவாகச் சொல்லுங்கள்.
– வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: மிகையாகாது என்பதே என் கருத்து. அதற்கான காரணத்தை அவருடைய வாழ்க்கையோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஃபிரெடி கிரீன் 1911 மார்ச் 31 அன்று தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தார். அந்நகரின் ஜென்கின்ஸ் அநாதை இல்லத்துக் குழந்தைகளின் இசைக்குழு அக்காலத்தில் ஊர் ஊராகச் சென்று வாசித்து இல்லத்துக்கு நிதி திரட்டி வந்தது. கிரீன் அந்த இல்லத்தில் வளர்ந்தவர் அல்லர் என்றாலும், அந்தக் குழுவினரோடு பழகியே இசைக்குள் வந்தார். முதலில் அவர் கையில் இருந்தது பான்ஜோ. 1920களின் நடன இசைக்குழுக்களில் அதுவே வழக்கம். ஒலிவாங்கி இல்லாத கூடத்தில் டிரம்பெட்டுகளுக்கு நடுவே கிட்டாரின் ஓசை காதில் விழாது, பான்ஜோவின் கூர்மையான ஓசை விழும். 1925க்குப் பிறகு மின்ஒலிவாங்கி கொண்டு இசைத்தட்டுப் பதிவு செய்யும் முறை பரவியதும், டியூபாவின் இடத்தை நின்றபடி வாசிக்கும் பெரிய பேஸ் வாத்தியம் பிடித்துக்கொண்டதும், கிட்டார் மெல்லப் பான்ஜோவை வெளியேற்றியது. சிறுவயதிலேயே நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்துவிட்ட கிரீனும் அந்த மாற்றத்தோடு சேர்ந்து மாறினார்.

1937இல் கிரீன்விச் வில்லேஜ் பகுதியின் பிளாக் கேட் என்ற சிறிய இரவு விடுதியில் அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது, இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் அவரைக் கேட்டார். கான்சாஸ் நகரத்திலிருந்து நியூயார்க்குக்கு அப்போதுதான் வந்திருந்த கவுண்ட் பேஸியிடம் அவரைப் பரிந்துரைத்தவரும் ஹாமண்டே. அவ்வாண்டு மார்ச் மாதம் சேர்ந்த கிரீன், 1950இல் பேஸி பணநெருக்கடியால் பெரிய குழுவைக் கலைத்துச் சிறு குழுவாகச் சுருக்கிய நேரத்தில் ஏற்பட்ட குறுகிய இடைவெளி தவிர, இறுதிவரை அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. 1984 ஏப்ரலில் பேஸி இறந்த பின்னரும், முதலில் தாட் ஜோன்ஸ், பிறகு ஃபிராங்க் ஃபாஸ்டர் என்று தலைவர்கள் மாறியபோதும் அவர் தொடர்ந்தார். 1987 மார்ச் 1 அன்று லாஸ் வேகஸில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 75.

இனி, உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். பேஸி பியானோ, வால்டர் பேஜ் பேஸ், ஜோ ஜோன்ஸ் டிரம்ஸ், கிரீன் கிட்டார் என்று 1937இல் அமைந்த நால்வரை அக்கால இசையுலகம் 'ஆல் அமெரிக்கன் ரிதம் செக்‌ஷன்' என்று அழைத்தது. இவர்களுக்கு முன்பு நடன இசையின் தாளச்சுமை பியானோக் கலைஞரின் இடக்கையிலும் டிரம்ஸ் கலைஞரின் காலடியில் இருக்கும் பெரிய முரசிலும் இருந்தது. ஜோ ஜோன்ஸ் தாளத்தை அந்த முரசிலிருந்து எடுத்து, காலால் மூடித் திறக்கும் ஹை-ஹேட் என்ற இரட்டைத் தட்டுக்கு மாற்றினார். பேஜ், நான்கு அடிகள் கொண்ட ஒவ்வோர் 'அளவு'க்கும் (bar) நான்கு சுரங்கள் வீதம் நடந்துகொண்டே இருந்தார். அதனால் விடுதலை பெற்ற பேஸியின் இடக்கை ஏறக்குறைய ஓய்வு எடுத்துக்கொள்ள, அவர் வலக்கையால் இரண்டு சுரம், மூன்று சுரம் என்று தெளித்துவிட்டு நிறுத்திக்கொள்ளும் புகழ்பெற்ற சிக்கனம் பிறந்தது. ஆனால் மேலே உலோகத் தட்டின் மெல்லிய கீச்சொலியும் கீழே பேஸின் ஆழ்ந்த ஒலியும் இருக்க, நடுவில் ஒரு வெற்றிடம் உண்டாயிற்று. அதை நிரப்பி இரண்டையும் ஒன்றாக ஒட்டியவர் கிரீன். பேஸியின் இடக்கை என்று அவரைச் சக கலைஞர்கள் அழைத்தது வெறும் புகழ்ச்சி அன்று. உண்மையிலேயே அந்த இடக்கை செய்ய வேண்டிய வேலை அவரிடம்தான் வந்து சேர்ந்திருந்தது.

கேள்வி: நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு பேஸியின் சில பதிவுகளைத் தேடிக் கேட்டேன். டிரம்பெட் கேட்கிறது, சாக்ஸபோன் கேட்கிறது. கிட்டார் எங்கே என்றே தெரியவில்லை. என் காது பழுதா, கைப்பேசி பழுதா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இரண்டும் நலமாகவே இருக்கும். பெரும்பாலான பதிவுகளில் அவரைத் தனியாகப் பிரித்துக் கேட்பது கடினம், அவரும் அதையே விரும்பினார். நம் கச்சேரியில் தம்புராவை யாரும் உன்னிப்பாகக் கேட்பதில்லை. நடுவில் அது நின்றுபோனால் அரங்கமே திரும்பிப் பார்க்கும். கிரீனின் கிட்டாரையும் முதலில் அப்படித்தான் அணுக வேண்டும்.

இருந்தாலும், அவரைத் தெளிவாகக் கேட்க வழிகள் உண்டு. முதலாவதாக, 1938 செப்டம்பரில் கான்சாஸ் சிட்டி சிக்ஸ் என்ற பெயரில் பேஸியின் குழுவைச் சேர்ந்த அறுவர் செய்த பதிவுகளைத் தேடுங்கள். அதில் பியானோவே கிடையாது; ஆகவே கார்டுகளின், அதாவது ஒருசேர ஒலிக்கும் சுரக் கூட்டுகளின், முழுப் பொறுப்பும் கிட்டாருக்கு. லெஸ்டர் யங்கின் கிளாரினெட்டும் பக் கிளேட்டனின் டிரம்பெட்டும் மேலே மிதந்துகொண்டிருக்க, கீழே ஒவ்வோர் அடியும் கிள்ளி எடுத்தாற்போல் விழும் ஓசைதான் கிரீன். அதே பதிவில் எட்டி டர்ஹம் மின்கிட்டாரில் தனி வாசிப்பு வாசிக்கிறார். ஜாஸ் இசைத்தட்டுகளில் மின்கிட்டார் ஒலித்த மிகத் தொடக்கப் பதிவுகளில் அதுவும் ஒன்று. கிரீன் பாடியும் இருக்கிறார் என்பது கூடுதல் வியப்பு: அந்த அமர்வின் 'தெம் தேர் ஐஸ்' பாட்டில் ஒலிக்கும் மென்மையான குரல் அவருடையது. ஐம்பது ஆண்டுகள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார் என்று நினைப்பவர்கள் இதைக் கேட்டால் சற்றே திகைப்பார்கள்.

இரண்டாவதாக, 1957இல் பேஸி பதிவு செய்த 'லில் டார்லின்'. நீல் ஹெஃப்டி இயற்றியது. நாட்டியத்துக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்கு மெதுவான விளம்ப காலத்தில் குழு முழுவதும் தாழ்ந்த குரலில் வாசிப்பதால் கிட்டாருக்கு இடம் கிடைக்கிறது. வேக காலத்தில் தாளம் தானாக ஓடும். இவ்வளவு மெதுவாக வாசிக்கையில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே விழுந்துவிடாமல் நடப்பதற்குத் தனித் திறமை வேண்டும். அந்தப் பதிவில் குழு நடுங்காமல் நடப்பதற்கு யார் காரணம் என்று கேட்டால், நான் கிட்டாரைத்தான் சுட்டுவேன்.

கண்ணால் பார்க்க விரும்பினால், 1957 டிசம்பர் 8 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியான சி.பி.எஸ். நேரலையாக ஒளிபரப்பிய 'தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்' நிகழ்ச்சியில் பேஸியின் குழுவோடு அவர் வாசிக்கும் காட்சி இருக்கிறது. கிட்டாரை மார்போடு அணைக்காமல், அதன் முகம் மேல்நோக்கிப் பார்க்கும்படி மடியில் சாய்த்து வைத்துக்கொள்வது அவர் வழக்கம். உடலில் பட்டு ஒலி மழுங்காமல் அறைக்குள் செல்வதற்கு அந்தச் சாய்வு உதவியது.

கேள்வி: நான் மூன்று ஆண்டுகளாகக் கிட்டார் கற்கிறேன். எனக்குத் தெரிந்த எல்லாக் கார்டுகளையும் ஆறு தந்திகளிலும் முழுமையாகப் பிடித்து ஸ்விங் தாளத்தில் அடித்தால், கோவில் திருவிழா ஒலிபெருக்கி போல இரைச்சல் வருகிறதே ஒழிய, நீங்கள் சொல்லும் அந்த நடை வரவில்லை. கிரீன் கையால் சரியாக என்னதான் செய்தார்?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: உங்கள் கடிதத்தை எல்லாவற்றிலும் மேலாக விரும்பிப் படித்தேன், ஏனென்றால் விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஆறு தந்திகளும் வேண்டாம்.

கிரீன் பெரும்பாலும் மூன்று தந்திகளில் கார்டு பிடித்தார்: மிகத் தடித்த ஆறாவது, பிறகு நான்காவது, மூன்றாவது. இடையில் இருக்கும் ஐந்தாம் தந்தியை, ஆறாம் தந்தியை அழுத்தும் விரலின் நுனியே லேசாகத் தொட்டு ஊமையாக்கிவிடும். மெல்லிய முதல் இரண்டு தந்திகளை விரல்களின் அடிப்பகுதி அணைத்துக்கொள்ளும். ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். கிட்டாரை எடுத்துக்கொண்டு படியுங்கள் (ஃபிரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி). ஆறாம் தந்தியில் மூன்றாம் ஃபிரெட், நான்காம் தந்தியில் மூன்றாம் ஃபிரெட், மூன்றாம் தந்தியில் நான்காம் ஃபிரெட்: இது ஜி 7. இதிலிருந்து நான்காம் தந்தியின் விரலை மட்டும் ஒரு ஃபிரெட் கீழே இறக்கி இரண்டாம் ஃபிரெட்டில் வைத்தால் ஜி 6. அதே விரலை நான்காம் ஃபிரெட்டுக்கு ஏற்றினால் ஜி மேஜர் 7. முதலில் சொன்ன ஜி 7இல் மூன்றாம் தந்தியை நான்கிலிருந்து மூன்றாம் ஃபிரெட்டுக்கு இறக்கினால் ஜி மைனர் 7. ஒரே ஒரு விரல் ஒரு ஃபிரெட் அளவு நகர்வதால் நான்கு வெவ்வேறு கார்டுகள் கிடைக்கின்றன. எட்டாம் ஃபிரெட்டுக்குப் போய் ஆறாம் தந்தியில் எட்டு, நான்காம் தந்தியில் ஏழு, மூன்றாம் தந்தியில் ஒன்பது என்று பிடித்தால் சி 6. எல்லாமே அசையக்கூடிய வடிவங்கள்; திறந்த தந்தி எதுவும் ஒலிக்காததால் கழுத்தின் எந்த இடத்துக்கும் அப்படியே தள்ளிக்கொண்டு போகலாம்.

இந்த வடிவங்களை அவர் பயன்படுத்திய விதமே முக்கியம். ஒரு கார்டு இரண்டு அளவுகளுக்கு, அதாவது எட்டு அடிகளுக்கு நீடிக்கிறது என்றால், நாம் ஒரே பிடியை எட்டு முறை அடிப்போம். கிரீன் அடிக்கு அடி பிடியை நகர்த்துவார். இடையிடையே கடந்து செல்லும் கார்டுகளைச் சேர்த்து, நான்காம் தந்தியின் மேல் ஒலிக்கும் சுரங்கள் மட்டும் தம்முள் ஒரு சிறு மெட்டாக ஏறி இறங்கும்படி அமைத்துக்கொள்வார். அவருடைய பதிவுகளை ஆராய்ந்தவர்கள் பிற்காலத்தில் கண்டது இன்னும் சுவையானது: பிடி மூன்று தந்திகளில் இருந்தாலும், பல நேரங்களில் உண்மையில் உரக்க ஒலித்தது அந்த நான்காம் தந்தியின் ஒற்றைச் சுரம்தான், மற்றவை தட்டும் ஓசையாக மட்டுமே பங்களித்தன. பதினாறு பேர் கொண்ட குழுவின் நடுவே பியானோவும் ஊதுகருவிகளும் கார்டின் முழு வடிவத்தை ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கும்போது, கிட்டார் சொல்ல வேண்டியது ஒரு சுரம் போதும் என்று அவர் கண்டுகொண்டார். உங்கள் இரைச்சலுக்குக் காரணம், எல்லோரும் சொல்வதை நீங்களும் முழுமையாகச் சொல்வதுதான்.

வலக்கை: நான்கு அடிகளும் பிக் என்ற மீட்டும் சிறு தகட்டால் மேலிருந்து கீழாக மட்டும். கீழிருந்து மேலான வீச்சு கிடையாது. ஓசை உண்டான உடனேயே இடக்கை விரல்கள் தந்தியை விட்டு எடுக்கப்படாமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தும். அதனால் ஒலி சட்டென்று நின்றுவிடும். எவ்வளவு நேரம் ஒலித்து எப்போது நிற்கிறது என்பதில்தான் ஸ்விங் இருக்கிறது. முற்றிலும் வெட்டிவிட்டால் மரத்துண்டு தட்டுவது போலாகும், நீட்டிவிட்டால் நடை கனத்துப் போகும். இரண்டாம், நான்காம் அடிகளுக்கு ஒரு சிறு அழுத்தம் உண்டு. ஆனால் சிலர் இன்று செய்வது போல முதல் அடியையும் மூன்றாம் அடியையும் விழுங்கிவிட்டு மற்ற இரண்டை மட்டும் வெட்டுவது அவர் பாணி அன்று.

இறுதியாக, வாத்தியம். அவர் வாசித்தவை வயலின்போல் முதுகும் முகமும் வளைவாகச் செதுக்கப்பட்ட ஆர்ச்டாப் வகைக் கிட்டார்கள்: எபிஃபோன், பிறகு பாஸ்டன் நகரின் ஸ்ட்ராம்பெர்க் பட்டறையில் செய்யப்பட்ட, 19 அங்குல அகலமுள்ள ஒரு பெரிய கிட்டார், பிற்காலத்தில் கிரெட்ச். தந்திகளைக் கழுத்திலிருந்து மிக உயரமாக ஏற்றி வைத்திருந்தார். மற்றவர்கள் அழுத்திப் பார்த்தால் விரல் நோகும் அளவுக்கு. தந்தி உயரமாக இருந்தால் ஓங்கி அடித்தாலும் ஃபிரெட்டில் பட்டுச் சலசலக்காது, ஓசையும் தூரம் போகும். நீங்கள் இதைப் பின்பற்ற வேண்டாம். அவர் பக்கத்தில் ஒலிவாங்கி இல்லாத காலத்தில் செய்துகொண்ட ஏற்பாடு அது.

கேள்வி: மிருதங்கம் கற்றவன் என்ற முறையில் கேட்கிறேன். இந்த ஸ்விங் என்பதை நம் லயக் கணக்கில் விளக்க முடியுமா? அது திஸ்ர நடைதான் என்று என் நண்பர் சொல்கிறார்.
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: உங்கள் நண்பர் பாதி சரி. ஓர் அடியை இரண்டாகப் பிரிக்கும்போது ஸ்விங் கலைஞர்கள் சமமாகப் பிரிப்பதில்லை. முதற்பாதி நீண்டும் இரண்டாம் பாதி குறுகியும் இருக்கும். மிதமான வேகத்தில் அது ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற அளவில், அதாவது அடியை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடையில் 'தகிட' என்பதன் முதல் இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துப் பிடித்து மூன்றாவதைத் தனியாக விடுவது போல ஒலிக்கும். ஆனால் வேகம் கூடக்கூட அந்த வேறுபாடு சுருங்கி, மிக விரைவான காலத்தில் சமப் பிரிவுக்கு, அதாவது நம் சதுஸ்ர நடைக்கு நெருங்கிவிடும். நம்முடைய நடைபேதத்தில் நடை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். இங்கே அது காலத்துக்கேற்ப வழுக்கிக்கொண்டே போகிறது. ஆகவே எந்த நடையின் பெயரும் அதற்கு முழுதாகப் பொருந்தாது.

இதில் கிரீனின் நிலை விந்தையானது. அவர் அடியை இரண்டாகப் பிரிப்பதே இல்லை. நான்கு அடி, மீண்டும் நான்கு அடி, அவ்வளவே. 32 அளவுகள் கொண்ட வழக்கமான ஒரு பாட்டின் சுற்றில் 128 அடிகள். நம் ஆதி தாளக் கணக்கில் 16 ஆவர்த்தனம். அத்தனை அடிகளிலும் தத்தகாரமோ மோராவோ கோர்வையோ இல்லாமல் ஒருவர் வாசித்து, அதைக் கேட்டவர் கால் தானாக ஆடும்படி செய்கிறார் என்றால், பிரிவு காதில் விழாமலே உணரப்படுகிறது என்று பொருள். அடி விழும் கணமும் அடி நிற்கும் கணமும் சேர்ந்து அந்த ஏற்றத்தாழ்வை மனத்தில் உண்டாக்கிவிடுகின்றன. நம் பக்கவாத்தியத்தில் தாளத்தைச் சீராகத் தாங்கிச் செல்லும் சர்வலகு என்ற ஒன்றை நீங்கள் பல்லாண்டுகள் பழகியிருப்பீர்கள். அதைப் பாடகருக்கு இடையூறு இல்லாமல் வாசிப்பது கோர்வையைவிடக் கடினம் என்று உங்கள் குருவும் சொல்லியிருப்பார். கிரீனைக் கேட்க உங்களைவிடப் பொருத்தமான காது இருக்க முடியாது. ஒரே ஓர் எச்சரிக்கை: கேட்கும்போது ஒன்றாம், மூன்றாம் அடிகளில் கை தட்டாதீர்கள். இங்கு ஜாஸ் நிகழ்ச்சிகளில் நம்மவர்கள் ஆர்வத்தோடு அப்படித் தட்டத் தொடங்கியதும் மேடையில் இருப்பவர்களின் முகம் மாறுவதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். ஸ்விங்கில் கைதட்டு இரண்டிலும் நான்கிலும் விழ வேண்டும்.

கேள்வி: மின்கிட்டார் அப்போதே வந்துவிட்டது என்கிறீர்கள். சார்லி கிறிஸ்டியன் அதனால்தானே புகழ்பெற்றார்? கிரீன் ஏன் அதைத் தொடவில்லை? பழமைவாதமா?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: தொடவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு காலத்தில் அவரும் ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார் என்றும், அவர் தனி வாசிப்பில் இறங்கும்போதெல்லாம் குழுவின் தாளம் அடியோடு சரிந்ததால் சக கலைஞர்களே மின்வடத்தைப் பிடுங்கியும் உள்ளிருந்த பாகத்தைக் கழற்றியும் அதை ஊமையாக்கினார்கள் என்றும் பேஸி குழுவினரிடையே ஒரு கதை வழங்கி வந்தது. கதைகளுக்குக் காலப்போக்கில் கை கால் முளைப்பது இயல்பு. ஆனால் அதன் உட்பொருளை நான் நம்புகிறேன்: அந்தக் கிட்டார் நின்றால் என்ன ஆகும் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சார்லி கிறிஸ்டியன் 1916இல் டெக்சஸில் பிறந்து ஓக்லஹோமா நகரில் வளர்ந்தவர். 1939 ஆகஸ்டில் அவரைக் கிளாரினெட் கலைஞரும் இசைக்குழுத் தலைவருமான பென்னி குட்மனிடம் கொண்டு சேர்த்தவரும் அதே ஜான் ஹாமண்ட்தான். கிப்சன் நிறுவனத்தின் இ.எஸ். 150 என்ற மின்கிட்டாரில், கார்டுகளை விட்டுவிட்டு, சாக்ஸபோன் ஊதுவதைப் போன்ற நீண்ட ஒற்றைச் சுர வரிகளை அவர் வாசித்தார்; லெஸ்டர் யங்கின் சாக்ஸபோனை உள்வாங்கிய கை அது. இரண்டாண்டுக்குச் சற்றே கூடுதலான காலம் மட்டும் வெளிச்சத்தில் இருந்து, காசநோயால் 1942 மார்ச் 2 அன்று 25 வயதில் மறைந்தார். அந்தக் குறுகிய காலத்தில் கிட்டாரை முன்வரிசைக்குக் கொண்டுவந்துவிட்டார். பின்னர் வந்த ஜாஸ் கிட்டார் கலைஞர்களில் அவருக்குக் கடன்படாதவர் அரிது.

இவரா அவரா என்று மோத விடுவது நமக்குப் பிடித்த விளையாட்டு. ஆனால் 1939 டிசம்பர் 24 அன்று நியூயார்க் கார்னகி அரங்கில் ஹாமண்ட் நடத்திய நிகழ்ச்சியில், லெஸ்டர் யங்கும் பக் கிளேட்டனும் இருந்த சிறு குழுவில் கிறிஸ்டியனும் கிரீனும் ஒரே மேடையில் வாசித்தார்கள். அந்தப் பதிவு இன்றும் கிடைக்கிறது. கிறிஸ்டியனின் வரி காற்றில் வளைந்து செல்லும்போது கீழே கிரீன் அசையாமல் நான்கு அடி வைத்துக்கொண்டிருப்பார். ஒரே வாத்தியம் இரண்டு வேறு தொழில்களைச் செய்வதை அங்கே கேட்கலாம், ஒன்று மற்றொன்றைத் தாங்குவதையும் கேட்கலாம். 1940களின் பிற்பகுதியில் பெரிய குழுக்கள் கலைந்து, பீபாப் என்ற புதிய பாணியில் பியானோவும் டிரம்ஸும் தாளத்தைத் தொடர்ச்சியாக அன்றி இடைவெளி விட்டு வாசிக்கத் தொடங்கியதும், நான்கு அடித் தாளக் கிட்டாருக்கு உலகெங்கும் வேலை போயிற்று. கிறிஸ்டியன் திறந்த வழியில்தான் மற்றவர்கள் எல்லோரும் போனார்கள். கிரீன் போகாததற்குக் காரணம், அவர் வேலை செய்த இடத்தில் அந்த வேலை தீர்ந்துபோகவில்லை என்பதே.

தன் பெயரில் 1955இல் அவர் பதிவு செய்த 'மிஸ்டர் ரிதம்' என்ற இசைத்தட்டிலும் அவர் முன்னால் வரவில்லை. ஆனால் அவர் நல்ல பாட்டுகளை இயற்றியவர். பேஸி குழுவின் 'கார்னர் பாக்கெட்' அவருடையது.

கேள்வி: இரண்டு விரல்களால் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட் பற்றி ஒரு வார்த்தை?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: அவருக்கு ஓர் இதழே தேவைப்படும். 1910இல் பெல்ஜியத்தில் நாடோடி ரோமா குடும்பத்தில் பிறந்தவர். 1928இல் அவருடைய வண்டி வீடு தீப்பிடித்ததில் இடக்கையின் கடைசி இரு விரல்கள் செயலிழந்தன. எஞ்சிய இரு விரல்களாலேயே வேகமான வரிகளை வாசித்தார். முடங்கிய விரல்களைச் சில கார்டுகளுக்கு மட்டும் துணையாகக் கொண்டார். வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு 1934இல் பாரிஸில் அவர் அமைத்த ஐவர் குழுவில் டிரம்ஸ் இல்லை. தாளத்தை அவருக்குப் பின்னால் இரண்டு கிட்டார்களும் ஒரு பேஸும் சுமந்தன. அந்தக் கிட்டார்களின் அடி கிரீனுடையதைவிடத் துள்ளலும் கூர்மையும் மிகுந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், அமெரிக்க ஸ்விங்குக்கும் பாரிஸ் ஸ்விங்குக்கும் உள்ள வேறுபாடு உடனே விளங்கும்.

கேள்வி: நம் பினாங்குக்கும் இந்த இசைக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: உண்டு. போருக்கு முன்பும் பின்பும் இசைத்தட்டு, வானொலி, திரைப்படம், கப்பலில் வந்திறங்கிய பிலிப்பினோ கலைஞர்கள் ஆகிய எல்லா வழிகளிலும் நடன இசை இத்துறைமுகத்துக்கு வந்தது. 1929இல் இத்தீவில் பிறந்த திரைக் கலைஞர் பி. ரம்லியின் பாடல்களில் மலாய் மெட்டோடு ஜாஸ், லத்தீன் அமெரிக்க நடைகள் கலந்து ஒலிப்பதை அறிவீர்கள். இங்குப் பிறந்த ஜிம்மி போய்ல் ஜாஸ் பியானோவில் தேர்ந்தவர், பாடல்களும் இயற்றியவர். 2004இல் தொடங்கிய பினாங்கு தீவு ஜாஸ் விழா பல ஆண்டுகள் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் நடந்தது. கோலாலம்பூரில் இன்று பெரிய குழு ஸ்விங் கேட்கும் வாய்ப்பு அவ்வப்போது கிடைக்கிறது. சென்றால் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிட்டார் கலைஞரைக் கவனியுங்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பதினைந்து வயது. மின்கிட்டாரில் வேகமாக வாசிப்பதில் மட்டுமே நாட்டம். கிரீனின் முறையைக் கற்பதால் அவனுக்கு என்ன பயன்? எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: திருமண மண்டபங்களில் வாசிக்கும் குழுக்களை நினைத்துப் பாருங்கள். வேகமாக வாசிக்கும் பிள்ளைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. பாடகர் பல்லவிக்குத் திரும்பும்போது தாளத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் பிள்ளையைத்தான் குழுத் தலைவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே பயன் உண்டு, பணப்பயனும் சேர்த்து.

தொடங்குவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. மேலே பட்டர்வொர்த் வாசகிக்குச் சொன்ன மூன்று தந்திப் பிடிகளை முதலில் கற்கட்டும். பிறகு 12 அளவு புளூஸ் சுற்று ஒன்றை எடுத்து, ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, மெட்ரோனோம் என்ற தாளம் காட்டும் கருவியின் தட்டு இரண்டாம், நான்காம் அடிகளில் மட்டும் விழுவதாக மனத்தில் எண்ணிக்கொண்டு வாசிக்கட்டும். அதாவது நிமிடத்துக்கு 120 அடி வேகம் வேண்டுமானால் கருவியை 60இல் வைக்க வேண்டும். ஒன்றாம் அடியையும் மூன்றாம் அடியையும் காட்ட யாரும் இல்லாததால் அவற்றை அவனே தாங்க வேண்டியிருக்கும், முதல் வாரம் தடுமாறுவான், கோபப்படுவான். தடுமாற்றம் நின்றதும் வேகத்தைக் கூட்டச் சொல்லாதீர்கள், குறைக்கச் சொல்லுங்கள். 60ஐ 50 ஆக்கி, பிறகு 40 ஆக்கி, அந்தக் காலத்திலும் அடி தள்ளாடாமல் நின்றால், 'லில் டார்லின்' பதிவைப் போட்டு அதோடு சேர்ந்து வாசிக்கலாம். பேஸியின் குழு ஒலிக்கும் அளவுக்கு அவன் கிட்டார் கேட்கக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை.